அக்காவும் தங்கையும் மட்டும் பேசிய மொழி

அத்தியாயம் 17

ரெஜீனின் பிடிவாதம் கடைசியில் வென்றுவிட்டது.

“என் மண்டையைத் திறக்கப் போறீங்க. என் ஆளுங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கணும். இல்லன்னா கட்டியோடயே வீட்டுக்குப் போறேன்.” போன வாரம் ஆஸ்பத்திரிக் குழுவின் முன்னால் உட்கார்ந்து அவள் கைகளால் சொன்னதை, மகள் மைத்தே ஒரு சொல்கூடக் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னாள். குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சொந்தக்காரர்கள் ஆபரேஷன் தியேட்டருக்குள் வரக் கூடாது என்பது விதி. ஆனால், பிறவியிலேயே காது கேளாத ஒருத்தியின் மூளையில் சைகை மொழி எங்கே குடியிருக்கிறது என்று தேடிப் பார்க்கத் தெரிந்தவர் மாண்ட்ரியாலில் ஒருவர்தான் இருந்தார். அவர் பேராசிரியர் கொலெத். ரெஜீனின் அக்கா.

விதி வளைந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. ராத்திரி பெய்த பனியை வண்டிகள் இன்னும் வாரிக்கொண்டிருந்தன. தியேட்டருக்கு வெளியே இருந்த நீள பெஞ்சில் கொலெத் படக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூனை, குடை, ரயில், ஆப்பிள். எத்தனையோ நோயாளிகளுக்குக் காட்டிய படங்கள். இன்று விரல்கள் ஓரங்களைத் தடவிக்கொண்டே இருந்தன.

மைத்தே பச்சை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். வாய்ப்பக்கம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் முகக்கவசம் கையில். சைகை மொழியில் பாதி முகத்தில்தான் இருக்கிறது. சாதாரணக் கவசம் போட்டால் அம்மாவுக்குப் பாதிப் பேச்சு போய்விடும்.

“பெரியம்மா, ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது.”

“கேளு.”

“உள்ள நீங்க யாரா நிக்கப் போறீங்க? அம்மாவோட அக்காவா, ஆராய்ச்சிக்காரியா?”

கொலெத் நிமிர்ந்து பார்த்தாள்.

“நேத்து நீங்க லாபெர்ஜ் டாக்டர்கிட்ட பேசினதைக் கேட்டேன். ‘இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில ஒரு தடவைதான் வரும்’னு சொன்னீங்க. வாய்ப்பாம்! அது எங்கம்மா தலை.”

“சொன்னது தப்புதான். வாய்ல வந்துடுச்சு.”

“மனசுல இருக்கறதுதான் வாய்ல வரும்னு நீங்கதானே பாடம் எடுப்பீங்க?”

முப்பத்தைந்து ஆண்டு வேலை கொலெத்துக்குள் பதில் சொல்லப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டாள்.

அவள் படிக்கும் காலத்தில் சைகையை மொழி என்று சொன்னாலே சிரிப்பார்கள். “அது அபிநயம், மொழியில்லை” என்று வகுப்பிலேயே சொன்னார் ஒரு பேராசிரியர். கொலெத் அன்று எழுந்து வெளியே போனவள்தான். பக்கவாதம் வந்த காது கேளாதவர்களைத் தேடி மாகாணம் முழுக்கக் கார் ஓட்டினாள். ஒரு கிழவரைப் பார்த்தாள். காப்பிக் கோப்பையைப் பிடிக்கும் கை, கோட்டுப் பொத்தான் போடும் கை, மனைவியின் பெயரை மட்டும் சொல்ல முடியாமல் காற்றில் திக்கித் திணறியது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மொழிக்குத்தான் ஆகியிருந்தது. மூளையின் இடப்பக்கம், வாயால் பேசுகிறவர்களுக்கு எங்கே பேச்சு இருக்குமோ, அதே இடம். மூளைக்கு வாய் முக்கியமில்லை, மொழிதான் முக்கியம் என்று அன்று அவளுக்குப் புரிந்தது. காரில் வந்து உட்கார்ந்ததும் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிவைத்தாள்.

அந்த முப்பத்தைந்து ஆண்டில் தங்கையை மட்டும் அவள் சோதித்ததில்லை. “என்னை உன் சோதனை எலியாக்காதே” என்று ரெஜீன் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள்.

“மைத்தே, உள்ள போனதும் நான் யாருன்னு எனக்கே தெரியாது” என்றாள் கொலெத். “நான் தடம் மாறினா என் கையைக் கிள்ளு. அது போதும்.”

மைத்தே பெரியம்மாவின் முகக்கவச நாடாவைப் பின்னால் கட்டிவிட்டாள்.

*

மூளைக்கு வலி தெரியாது. மண்டையைத் திறக்கும்வரை தூங்க வைப்பார்கள். பிறகு எழுப்புவார்கள். திறந்த மூளையின் மேல் ஓர் இடத்தை மெல்லிய மின்சாரத்தால் தொட்டால், அந்த இடம் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் படத்தைப் பார்த்து நோயாளியால் பெயர் சொல்ல முடியவில்லை என்றால், அங்கே கத்தி போகக் கூடாது. குட்டியாக ஒரு காகிதத் துண்டை அந்த இடத்தில் வைப்பார்கள்.

ரெஜீன் கண் விழித்தாள். இடப்பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலை இரும்புச் சட்டத்தில் அசையாமல் இருந்தது. ஒரு நீலத் துணி மறைப்பு. அந்தப் பக்கம் டாக்டர் லாபெர்ஜ். இந்தப் பக்கம் அக்காவும் மகளும். ஊசிக் குழாய்களைக் காலில் ஏற்றியிருந்தார்கள். கைகள் இரண்டும் அவளுக்கு வேண்டும்.

லாபெர்ஜ் மறைப்பைச் சுற்றி எட்டிப் பார்த்து, அவரும் போட்டிருந்த தெளிவான கவசத்துக்குள் பல் தெரியச் சிரித்தார்.

ரெஜீனின் கை எழுந்தது. மைத்தே தயங்கினாள்.

“என்ன சொல்றாங்க?” என்றார் டாக்டர்.

“வந்து… உங்க மேல்வரிசைக் கோரைப்பல் போலியாம். நிறம் சேரலையாம். செஞ்சவனை மாத்தச் சொல்றாங்க.”

தியேட்டரே சிரித்தது. ரெஜீனின் தொழிலே அதுதான். பல் ஆய்வகத்தில் செயற்கைப் பல் செய்வது. “ஹாக்கியில போச்சு” என்றார் லாபெர்ஜ். “எழுந்து வாங்க, நீங்களே செஞ்சு குடுங்க. ஆரம்பிக்கலாமா?”

கொலெத் முதல் படத்தைக் காட்டினாள். பூனை. ரெஜீனின் விரல்கள் கன்னத்தருகே மீசையை இழுத்தன. குடை. சரி. ரயில். சரி.

“தொடறேன்” என்றார் லாபெர்ஜ்.

ஆப்பிள்.

ரெஜீனின் கை எழுந்தது. பாதி வழியில் நின்றது.

விரல்கள் விரிந்தன, மடங்கின, எதையோ தேடின. கண்களில் ஆப்பிள் தெரிந்தது. என்ன என்று அவளுக்குத் தெரியும். கை மட்டும், வீட்டு வாசலில் நின்றுகொண்டு சாவியைத் தேடுகிறவனைப் போலத் தவித்தது.

“கையை மூடச் சொல்லுங்க” என்றார் லாபெர்ஜ்.

கொலெத் முஷ்டி பிடித்துக் காட்டினாள். ரெஜீனும் அப்படியே பிடித்தாள். கையில் ஒரு குறையும் இல்லை.

“மின்சாரத்தை எடுத்துட்டேன்” என்றார் லாபெர்ஜ்.

ஆப்பிள் பாய்ந்து வந்தது. ரெஜீன் பெருமூச்சு விட்டாள்.

இதைத்தான் கொலெத் எத்தனையோ கட்டுரைகளில் எழுதியிருந்தாள். ஆனால் தான் முதன்முதலாகப் பேசிப் பழகிய கைகளில் அதை இப்போதுதான் பார்த்தாள். ஒரு நெல்மணி அளவு இடம். அதற்குள் ஒரு சொல் வந்து போகும் வாசல். இத்தனை காலம் தான் சத்தியம் என்று சொல்லிவந்தது சத்தியம்தான்.

முதல் காகிதம் வைக்கப்பட்டது. இரண்டாவது. பிறகு லாபெர்ஜ் கட்டியின் ஓரத்துக்கு வந்தார்.

“தொடறேன்.”

பனி பெய்யும் தெருவின் படம்.

ரெஜீன் விரல் நுனிகளை நெற்றியில் வைத்து, மெல்ல, மிக மெல்ல, இமைகளின் மேல் இறக்கினாள்.

மைத்தே புருவம் சுருக்கினாள். “தப்பு டாக்டர். இது பனி இல்ல. இப்படி ஒரு சைகையே கிடையாது.”

“சரி, குறிச்சுக்கறேன். அடுத்தது?”

கொலெத் அடுத்த படத்தைக் காட்டவில்லை. படக் கட்டு அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. மைத்தே அவளைக் கிள்ளினாள். அவளுக்கு உறைக்கவில்லை.

“கொலெத்?” என்றார் லாபெர்ஜ்.

“திரும்பவும் அதே இடத்துல தொடுங்க. தயவு செஞ்சு.”

மீன் படம். ரெஜீன் கட்டைவிரலை உதட்டோரத்தில் தூண்டில் முள் போல மாட்டி இழுத்தாள்.

“இதுவும் தப்பு” என்றாள் மைத்தே.

“தப்பில்ல” என்றாள் கொலெத். “மீன்தான். முன்னாடி சொன்னது பனி. இது எங்க பாஷை.”

அவர்கள் பிறந்து வளர்ந்த மத்தான் ஊரில், ரெஜீனைப் பள்ளிக்கு அனுப்பும்வரை, வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. பத்து வயது அக்காவும் ஆறு வயதுத் தங்கையும் தாங்களே ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். பனி இமையில் விழும். மீன் முள்ளில் மாட்டும். மூக்கைப் பிடித்தால் அப்பா. அவர் இறால் ஆலையிலிருந்து வருவார். “குரங்கு மாதிரி கையை ஆட்டாதீங்க, ஜனங்க பாக்கறாங்க” என்று அம்மா அடிப்பாள். போர்வைக்குள் போய்ப் பேசுவார்கள். பிறகு ரெஜீன் மாண்ட்ரியால் பள்ளிக்குப் போனாள். அங்கே மற்ற பெண்களிடம் கெபெக் மாகாணத்தின் உண்மையான சைகை மொழியைக் கற்றாள். பழைய மொழியை யாரும் அதற்குப் பிறகு பேசவில்லை. மறந்துவிட்டதாகவே இருவரும் நினைத்திருந்தார்கள்.

மின்சாரம் புது மொழியின் கதவைச் சாத்தியதும், பழையது தானாக எழுந்து வந்துவிட்டது. ஐம்பது வருஷம் உள்ளேயே இருந்திருக்கிறது.

“நான் என்ன பண்ணேன்?” என்று கேட்டாள் ரெஜீன். “ஏன் எல்லாரும் செத்தவளைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?”

கொலெத் நெற்றியில் விரல் வைத்து இமைகளின் மேல் இறக்கினாள்.

ரெஜீனின் முகம் குழந்தை முகமாயிற்று. “அய்யோ” என்றாள். “நானா சொன்னேன்?”

கொலெத் லாபெர்ஜ் பக்கம் திரும்பினாள். “டாக்டர், அங்க ரெண்டு மொழி இருக்கு. இன்னொண்ணு எங்க இருக்குன்னு பாக்கணும்.”

இப்போது கொலெத் பழைய மொழியில் கேட்டாள். ரெஜீன் பழைய மொழியில் சொன்னாள். லாபெர்ஜ் தொட்டுக்கொண்டே போனார். பனி வந்தது. மீன் வந்தது. நாய் வந்தது. பிறகு ஓர் இடம். ரெஜீன் அக்காவின் கையைப் பார்த்தாள். அது என்ன என்றே அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அதே நேரத்தில் மைத்தே கெபெக் சைகை மொழியில் கேட்டதற்கெல்லாம் ரெஜீன் சரியாகப் பதில் சொன்னாள்.

லாபெர்ஜின் கை நின்றது.

“கொலெத்” என்றார், முதல் தடவையாகச் சிரிக்காமல். “இது கட்டிக்கு நடு மேல இருக்கு. இதை விட்டா, கட்டியில ஒரு துண்டை விட்டுட்டு வரணும். அது திரும்ப வளரும். எடுத்தா சுத்தமா வந்துடும். அந்த மொழிய யாரெல்லாம் பேசறாங்க?”

“ரெண்டு பேர்” என்றாள் கொலெத். “ரெண்டு பேரும் இந்த ரூம்லதான் இருக்கோம்.”

“வெட்டச் சொல்லுங்க பெரியம்மா!” மைத்தே வாயாலேயே கத்தினாள். “இதுல யோசிக்க என்ன இருக்கு? எனக்கு அம்மா வேணும்.”

எடுப்பதா விடுவதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் ஆராய்ச்சிக்காரியாக இருந்தால், உலகத்தில் எங்கும் பதிவாகாத ஒரு மொழியைப் பற்றிப் பேசியிருப்பாள். அக்காவாக இருந்தால் உடனே வெட்டச் சொல்லியிருப்பாள். கொலெத் இரண்டும் செய்யவில்லை. தங்கையிடம் திரும்பினாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

ரெஜீன் கேட்டுக்கொண்டாள். பிறகு, “எவ்வளவு நேரம் இருக்கு?” என்றாள்.

“கொஞ்சம்” என்றார் லாபெர்ஜ், மைத்தே வழியாக. “ஒரு காப்பி குடிக்கற நேரம்.”

“அப்ப அதுக்குள்ள பேசிக்கறோம்.”

ரெஜீன் மூக்கைப் பிடித்தாள். அப்பா. கைகளால் கார் ஓட்டிக் காட்டினாள். பெரிய வீடு. பள்ளி. அந்த நாள்தான். பின் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு தங்கை போன நாள். கொலெத் தெருவில் ஓடி, விழுந்து, அந்தக் கைகளுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கண்டுபிடிப்பேன் என்று பத்து வயதில் சபதம் போட்ட நாள். அவள் எழுதிய ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் அந்த நாள் இருந்தது.

ரெஜீனின் கைகள் தொடர்ந்தன. அந்த மொழியில் நீள வாக்கியம் கிடையாது.

பெரிய வீடு. பெண்கள். கை. கை. கை. எங்கும் கை.

நான் அழவில்லை.

நீ அழுதாய்.

நான் சிரிப்பு. நான் ஓட்டம். நான் உன்னை மறந்தேன்.

பாவப்பட்ட தங்கைக்காக வாழ்நாள் முழுக்க உழைத்ததாகக் கொலெத் நினைத்திருந்தாள். தங்கையோ, தன் ஜனங்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், முதல் நாளே. தனியாகத் தெருவில் நின்றவள் கொலெத்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரோடு வந்தது. கண்ணாடிக் கவசத்துக்குள் மூச்சு ஆவியாகப் படிந்தது.

“இதை இவ்வளவு நாளா ஏன் சொல்லல?” என்று கேட்டாள், அதே மொழியில். அந்த மொழியில் ‘ஏன்’ கிடையாது. தோளைத் தூக்கிக் காட்டினாள்.

ரெஜீன் அக்காவின் நெஞ்சைச் சுட்டினாள். கண்ணாடி உடைவது போல விரல்களை விரித்தாள். நீ உடைந்துபோவாய்.

பிறகு கெபெக் சைகை மொழிக்கு மாறி, மகளைப் பார்த்துச் சொன்னாள். மைத்தே அதை வாயால் சொன்னாள்.

“பேசி முடிச்சுட்டோம். எடுங்க டாக்டர்.”

*

மாலையில், வெளிச்சம் இன்னும் சன்னலில் இருக்கும்போதே, ரெஜீன் முழுதாக விழித்துக்கொண்டாள். தலை நிறையக் கட்டு. கண்கள் வீங்கியிருந்தன. முதல் வேலையாகக் கை எழுந்தது.

“பசிக்குது. ஆஸ்பத்திரி சூப்பைக் குடுத்தீங்க, எழுந்து போயிடுவேன்.”

மைத்தே கட்டிலின் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அம்மாவின் கை அவள் முடியைக் கோதியது. ஒரு சொல்லும் குறையவில்லை. லாபெர்ஜ் வந்து சோதித்துவிட்டு, “சுத்தமா வந்துடுச்சு. கட்டி என்ன வகைன்னு வெள்ளிக்கிழமை தெரியும்” என்று சொல்லிப்போனார்.

கொலெத் நெற்றியில் விரல்களை வைத்து இமைகளின் மேல் இறக்கினாள்.

ரெஜீன் பார்த்தாள். மரியாதையாக, வேற்றூர்க்காரரின் பேச்சைக் கேட்பது போல.

“அழகா இருக்கு. என்ன அது?”

“பனி.”

“ஓ.” கட்டுப் போட்ட தலையைத் தொட்டுப் பார்த்தாள். “பல்லைப் பிடுங்கின இடத்துல நாக்கு போய்ப் போய்ப் பாக்குமே, அப்படி இருக்கு. அங்க ஏதோ இருந்துதுன்னு தெரியுது. நான் உன்கிட்ட சொன்ன விஷயமும் ஞாபகம் இருக்கு. எந்தக் கையால சொன்னேன்னு மட்டும் தெரியல.” அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. நான்தானே எடுக்கச் சொன்னேன்?” என்றாள்.

“அம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க பெரியம்மா?” என்று மைத்தே வராந்தாவில் கேட்டாள்.

“ஸ்கூல்ல அவ சந்தோஷமா இருந்தாளாம். என்னை மறந்துட்டாளாம்.”

மைத்தே திகைத்து, பிறகு பெரியம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “காலையில நான் கேட்டது…”

“கேக்க வேண்டியதைத்தான் கேட்டே. போய் உங்கம்மாவுக்கு எதாவது வாங்கிட்டு வா.”

மைத்தே போனாள். கொலெத் திரும்பி வந்தபோது ரெஜீன் தூங்கிவிட்டிருந்தாள். மூச்சு சீராக இருந்தது. இனி உலகத்தில் அந்த மொழி தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்ற எண்ணம் அப்போதுதான் மெல்ல வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

போர்வையின் மேல் ஏதோ அசைந்தது.

ரெஜீனின் இடக்கை. எப்போதும் துணைக்கு மட்டும் வரும் கை. கண்கள் மூடியிருந்தன, வலக்கை அசையாமல் கிடந்தது. இடக்கையின் விரல்கள் மட்டும் ஒருமுறை சுருண்டு, விரிந்து, உள்பக்கமாக வளைந்தன.

வா.

போர்வைக்குள் கூப்பிடும்போது சொல்லும் ‘வா’. கெபெக் சைகை மொழியில் அது இல்லை.

இடக்கையை நடத்துவது மூளையின் வலப்பக்கம். மொழி இருப்பது இடப்பக்கம். அதைத்தான் கொலெத் வாழ்நாள் முழுக்க உலகத்துக்கு நிரூபித்திருந்தாள். பழைய மொழி இருந்த இடத்தை இன்று காலையில் அவள் பக்கத்தில் நிற்கும்போதே வெட்டி எடுத்தார்கள். அப்படியானால் இது எங்கேயிருந்து பேசுகிறது?

தூங்குகிறவளுக்குக் கண் தெரியாது. கொலெத் தன் கையை அந்தக் கைக்கு அடியில் மெதுவாக நுழைத்து, உள்ளங்கையில் தொட்டுச் சொன்னாள்: நான் இங்கே.

விரல்கள் நின்றன. கேட்பது போல நின்றன.

பிறகு, அவள் உள்ளங்கையிலேயே, பதில் சொல்ல ஆரம்பித்தன.